அத்தியாயம் 7: சில்லறைக் காசும் சிநேகிதர் சபையும்

கோட்பாட்டுப் பொருளாதாரத்தில் உழைக்கும் ஒருவர், தாம் எழுதிய சமன்பாட்டில் பிழை நேர்ந்திருப்பதை ஆறு மாதங்கள் கழித்துக் கண்டுகொண்டாலும், அதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதிக்கொள்ளலாம். அவருக்கு நஷ்டமாவது சிறிது காகிதமும் சிறிது கர்வமுமே. பரிசோதனைப் பொருளாதாரத்தில் இப்போதுதான் அடியெடுத்து வைத்திருக்கும் இளம் ஆய்வாளருடைய நிலைமை அப்படிப்பட்டதன்று. நூற்றிருபது மாணவர்களை வரவழைத்து, தனித்தனியே உட்காரவைத்து, விதிமுறைத் தாளை வழங்கி, அவர்கள் எடுத்த முடிவுகளுக்கு ஏற்பப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து அனுப்பிய பிறகு, அந்தத் தாளின் மூன்றாம் பத்தியில் ஒரு சொல் இரு பொருள்படும்படி நின்றுவிட்டது என்று தெரியவந்தால், பணமும் போயிற்று, மாணவர்களும் போனார்கள். விஷயம் தெரிந்துவிட்டவர்களை மறுபடியும் அதே சோதனைக்கு அழைப்பதற்கில்லை. ஆகவே இத்துறையில் செய்ய வேண்டிய தவறுகளைச் சோதனைக்கு முன்பாகவே, மலிவாக, சிநேகிதர்களின் எதிரில் செய்துவிடுவது உத்தமம். அதற்கு ஏற்ற சிறு சபையை அமைத்துக்கொள்வது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பெரிய சபைகள் இல்லாமலில்லை. 1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எகனாமிக் சயன்ஸ் அசோசியேஷன் இத்துறையினரின் சர்வதேசச் சங்கம். அதன் மாநாட்டுக்குச் செல்லும் பாக்கியம் கிடைத்தால் அவசியம் செல்லுங்கள். ஆனால் அங்கே நாம் எடுத்துச் செல்வது பெரும்பாலும் நடத்தி முடித்த சோதனையின் முடிவுகளைத்தான். கேட்பவர்கள் சொல்லும் திருத்தம் எவ்வளவு அருமையானதாயினும், அது தாலி கட்டியான பிறகு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போன்றதே. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கட்டத்தை. ஏழெட்டுப் பேர் மாதம் இரண்டு முறை மாலையில் கூடி, இன்னும் நடத்தப்படாத ஒரு சோதனையைத் தாமே ஆடிப் பார்க்கும் கூட்டத்தை.

'ஆடிப் பார்ப்பது' என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். இத்துறையின் பிறப்பே, பிறர் சோதனைக்குள் உட்கார்ந்து பார்த்த ஒரு மாணவருடைய அனுபவத்தோடு பிணைந்தது. எட்வர்டு சேம்பர்லின் என்ற பேராசிரியர் ஹார்வர்டு வகுப்பறையில் மாணவர்களுக்குச் சீட்டுகளை வழங்கி, சிலரை வாங்குவோராகவும் சிலரை விற்போராகவும் ஆக்கி, அறைக்குள் நடமாடி அவரவர் பேரம் பேசிக்கொள்ளும்படி விட்டு, பாடப்புத்தகம் சொல்லும் சமநிலை விலைக்குச் சந்தை வந்து சேர்வதில்லை என்று காட்டி, அதை 1948-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாறான ஒரு வகுப்பில் பேரம் பேசிய மாணவர்களுள் ஒருவர் வெர்னன் ஸ்மித். அவர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த பிறகு, தூக்கம் பிடிக்காத ஓர் இரவில் அந்தப் பழைய ஆட்டம் நினைவுக்கு வந்தது. கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும் எல்லோர் காதிலும் விழும்படி கூவப்பட்டால் என்ன, ஒரே முறையோடு நிறுத்தாமல் அதே சந்தையைப் பல 'நாட்கள்' அடுத்தடுத்து நடத்தினால் என்ன என்று யோசித்தார். 1956 ஜனவரியில் தம் வகுப்பிலேயே நடத்தினார். விலைகள் சமநிலையை நெருங்கின. அந்த வரிசைச் சோதனைகள் 1962-இல்தான் அச்சேறின. 2002-இல் அவருக்கும் டானியல் கானெமனுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. சேம்பர்லின் கட்டுரையை வாசித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பேரம் பேசத் தக்க ஆளைத் தேடி அறைக்குள் அலைவதன் சங்கடம் எத்தகையது என்று காலால் அறிந்தவருக்குத்தான், சந்தையின் முடிவைக் குறை சொல்வதைவிட அதன் விதியை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றிற்று என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் சிறிய சபைகளும் உண்டு. இன்று 'கைதிகளின் குழப்பம்' என்று எல்லோரும் அறிந்த ஆட்டத்தை 1950-இல் ராண்ட் நிறுவனத்தில் மெரில் ஃபிளட்டும் மெல்வின் டிரெஷரும் வகுத்தபோது, அதை முதலில் ஆடியவர்கள் அவர்களுடைய சகாக்களான ஆர்மென் ஆல்சியனும் ஜான் வில்லியம்ஸுமே. நூறு சுற்றுகள் ஆடினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தம் மனத்தில் ஓடியதை இருவரும் எழுதிவைத்தார்கள். அறுபது சுற்றுகளில் இருவரும் ஒத்துழைத்தார்கள் என்ற எண்ணிக்கையைவிட, ஒருவர் போக்கு மற்றவருக்கு விளங்காமல் எரிச்சலோடு கிறுக்கிய அந்தக் குறிப்புகள் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகின்றன. கானெமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் ஜெருசலேமில் நாள்தோறும் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்து, தாம் கற்பித்த கேள்விகளுக்கு முதலில் தம் சொந்த மனம் என்ன விடை சொல்கிறது என்று பார்த்தே ஆராய்ச்சியை வளர்த்தார்கள். இரண்டு பேர் கூடினாலும் சபைதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். எட்டுப் பேர் இருந்தால் சௌகரியம். நான்கு பேர் வாங்குவோர், நான்கு பேர் விற்போர் என்று ஒரு சந்தையே நடத்திவிடலாம், இருவர் ஆடும் ஆட்டமானால் நான்கு ஜோடிகள் கிடைக்கும். பன்னிரண்டைத் தாண்டினால் அது கருத்தரங்காகிவிடும். யாராவது ஒருவர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முதல் வரிசையைக் காலியாக விடத் தொடங்கிவிடுவார். எட்டுப் பேரும் ஒரே துறை மாணவர்களாக இருப்பது தோஷம். உளவியல் படிப்பவர் ஒருவரும் புள்ளியியல் அறிந்தவர் ஒருவரும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டக் கோட்பாடு என்ற பெயரையே கேட்டிராத ஒருவரை, நூலகத்தில் வேலை செய்பவரையோ தமிழிலக்கியம் படிப்பவரையோ, எப்படியாவது அழைத்து வந்துவிடுங்கள். 'எனக்கு இது புரியவில்லை' என்று வெட்கமின்றிச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் விதிமுறையை வாசிப்பதற்கு முன்பே, இது இன்ன ஆட்டம் என்று அனுமானித்துக்கொண்டு, தாளில் இல்லாததையும் மனத்தால் நிரப்பிக்கொள்வார்கள்.

வழிகாட்டிப் பேராசிரியர்களை அழைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. அழைக்காமலிருப்பதே நல்லது. அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகவன்று; நம் உபகாரச் சம்பளத்தையும் ஆய்வேட்டையும் நிர்ணயிக்கும் ஒருவர் எதிரில் இருக்கும்போது, முட்டாள்தனமான சந்தேகத்தைக் கேட்பதற்கு எவருக்கும் நா எழுவதில்லை, முட்டாள்தனமான சந்தேகங்களுக்காகவே இந்தச் சபை.

இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தேநீரும் பேச்சும் இணைபிரியாதவை. ஸ்மித்தும் அவருடைய சகாவான சார்லஸ் பிளாட்டும் சேர்ந்து மீன் பிடிக்கச் சென்ற வேளைகளின் பேச்சுக்குக்கூட இத்துறையின் சரித்திரத்தில் இடமுண்டு. ஆனால் கல்லூரி கேன்டீன் இதற்கு உகந்ததன்று. இலக்கிய மாணவர்கள் கேன்டீனில் எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் விவாதிக்கலாம். பக்கத்து மேஜையில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் அடுத்த வாரம் நம் சோதனைக்கு வரப்போகும் மாணவராக இருக்கக்கூடும் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. 'தாராள குணத்தைத்தான் அளக்கிறார்களாம்' என்ற ஒரு வாக்கியம் விடுதிக்குள் பரவினால் போதும், வருகிறவர்கள் எல்லோரும் கர்ணனாக மாறிவிடுவார்கள். வகுப்பு முடிந்த அறையோ, ஒருவர் வீட்டு மொட்டை மாடியோ தேவலை. அதே காரணத்தால், சபையில் ஒரு சோதனையை ஆடிப் பார்த்தவர் உண்மையான சோதனையில் ஒருபோதும் பங்கேற்கலாகாது என்பதை முதல் நாளிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு மாலைக்கு ஒரே சோதனை போதும். அன்றைக்குரியவர் மூன்று காகிதங்களோடு வரவேண்டும்: விதிமுறைத் தாள், முடிவைக் குறிக்கும் தாள், பணம் கணக்கிடும் அட்டவணை. கணினியை முதல் இரண்டு கூட்டங்களுக்கு வீட்டிலேயே விட்டுவிடச் சொல்வது என் வழக்கம். ஜூரிக்கில் ஊர்ஸ் ஃபிஷ்பாகர் உருவாக்கிய இசட்-ட்ரீயும், இணைய உலாவியிலேயே நடத்த உதவும் ஓட்ரீயும் அருமையான கருவிகள் என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் திரை பளபளவென்று வந்து நின்றால், விதி தெளிவாக இருக்கிறதா என்பதை மறந்துவிட்டுப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று எல்லோரும் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

வந்தவர் எதையும் விளக்கக் கூடாது. தம் ஆராய்ச்சியின் நோக்கம், முன்னோர் கட்டுரைகள், தம் கருதுகோள் ஆகிய எதைப் பற்றியும் வாய் திறவாமல், விதிமுறைத் தாளை உரக்க, முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரையில் வாசிக்க வேண்டும். உரக்க வாசிப்பது சடங்கன்று. எல்லோருக்கும் ஒரே விதி என்பதை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயமாவதற்கு அதைவிட எளிய உபாயம் கிடையாது. பிறகு ஆட்டம். ஆல்சியனும் வில்லியம்ஸும் செய்ததைப் போல ஒவ்வொருவரும் தம் முடிவோடு அதற்கான காரணத்தையும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்ததும் விவாதத்துக்கு முன், 'இந்தச் சோதனை எதைக் கண்டறிய நடத்தப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்?' என்ற ஒரு கேள்விக்கு அனைவரும் எழுத்தில் விடையளிக்க வேண்டும். எட்டில் ஆறு பேர் சரியாக ஊகித்துவிட்டால் மாணவர்களும் ஊகிப்பார்கள். ஊகித்தபின் அவர்கள் செய்வது தமக்கு இஷ்டமானதையன்று, நமக்கு இஷ்டமானதை. அந்தத் தாளை மாற்றி எழுத வேண்டியதுதான்.

ஆட்டத்தில் காசு புழங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்த ஒரு சபையை நான் அறிவேன். பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளைக் காசாகப் பாவித்து, ஐந்து கொட்டைக்கு ஒரு வடை என்று விகிதம் வகுத்தார்கள். முதல் சுற்றுகளில் எல்லோரும் வியாபாரிகளைப் போல யோசித்து யோசித்து ஆடினார்கள். மூன்றாவது வடை உள்ளே போன பிறகு கொட்டைகளை அள்ளி அள்ளி வழங்கத் தலைப்பட்டார்கள். சோதனையைக் கொண்டுவந்தவருக்கோ மனித குலத்தின் தாராளத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆனந்தம்! 1976-இல் ஸ்மித் எழுதிய ஒரு சிறு கட்டுரை, சோதனையில் தரப்படும் வெகுமதி எவ்வளவு கிடைத்தாலும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும் பொருளாக இருக்க வேண்டும் என்பதை ஓர் ஆதார நிபந்தனையாக வைக்கிறது. வடை அந்த நிபந்தனைக்கு உட்படாது. ஒரு ரூபாய் நாணயம் உட்படும். உண்டியலில் நூறு நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வென்றதை வென்றவர்கள் எடுத்துச் செல்லட்டும். அடுத்த கூட்டத்துக்குள் சந்தாவாகத் திரும்பி வந்துவிடும்.

ஆனால் சில்லறைக் காசில் கற்கக்கூடியது விதியின் தெளிவைத்தானே தவிர, பெருந்தொகையின் எதிரில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதையன்று. டான் ஏரியலி, யூரி நீசி முதலிய நால்வர் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 87 பேரைக் கொண்டு நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சாட்சி. ஆறு விளையாட்டுகள், ஒவ்வொன்றிலும் உயர்ந்தபட்சப் பரிசு சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. மிகப் பெரிய தொகை காத்திருந்தவர்களே மிக மோசமாக ஆடினார்கள். மொட்டை மாடியில் எட்டு நண்பர்களோடு உட்கார்ந்து அந்த முடிவை எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. எனவே சபையில் கிடைத்த எண்களை ஆய்வேட்டில் சேர்க்கும் சபலத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

தமிழில் சோதனை நடத்துகிறவர்களுக்கு இந்தச் சபை எல்லாரையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆங்கில விதிமுறைத் தாள்கள் பல பத்தாண்டுகளாகப் பலர் கைபட்டு மழுங்கியவை. அவற்றின் சொற்களில் முள் கிடையாது. அவற்றை நாம் மொழிபெயர்க்கும் கணத்திலேயே நம் ஊரின் முட்களெல்லாம் வந்து சேர்ந்துகொள்கின்றன. உம்முடன் ஆடும் மற்றவரை என்ன பெயரால் குறிப்பது? அகராதியைப் பார்த்து 'பங்காளி' என்று எழுதினால், வரப்புத் தகராறும் பாகப் பிரிவினை வழக்கும் அறைக்குள் நுழைந்துவிடும். 'கூட்டாளி' என்றால் பழைய சிநேகிதமோ, திருட்டுக்குத் துணை போனவரோ ஞாபகத்துக்கு வருவார். 'எதிராளி' என்றாலோ, அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகும். 'உங்களோடு இணைக்கப்பட்ட மற்றொருவர்' என்று நீட்டி எழுதுவது செவிக்கு இனிமையாக இல்லாவிட்டாலும் குற்றமற்றது. இரு பிரிவினரை நிறத்தால் வேறுபடுத்தலாம் என்று நினைப்பீர்களானால், நம் நாட்டில் நிறங்களுக்கும் கட்சி உண்டு என்பதை மறவாதீர்கள். 1995-இல் பெர்க், டிக்ஹாட், மக்கேப் ஆகிய மூவர் வெளியிட்ட சோதனையில், ஓர் அறையில் இருப்பவர் தம் பத்து டாலரில் எதை அனுப்பினாலும் அது மும்மடங்காகி மற்ற அறையில் இருப்பவரைச் சேரும், அவர் திருப்பித் தந்தால் தரலாம். ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பிக்கை ஆட்டம் என்று தமக்குள் அழைத்துக்கொள்ளட்டும், ஆனால் 'நம்பி அனுப்பும் தொகை' என்று தாளில் எழுதிவிட்டால் அளக்க வந்ததை நாமே ஊட்டியதாகிவிடும். 'கொடுக்கும்' என்பதில் தர்மத்தின் சாயல் உண்டு. 'அனுப்பும்' என்பதில் அது குறைவு. சொல் அற்பமன்று என்பதற்கு அத்தாட்சி வேண்டுவோர், லிபர்மன், சாமுவெல்ஸ், ராஸ் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம்: விதிகள் ஒன்றே, ஆட்டத்தின் பெயர் மட்டும் ஒரு பிரிவினருக்கு 'வால் ஸ்ட்ரீட் ஆட்டம்', மற்றவர்களுக்கு 'சமூக ஆட்டம்', ஒத்துழைத்தவர்களின் விகிதம் பின்னதில் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று.

அகராதிக்கும் அகப்படாத முள் ஒன்றை ஒரு கூட்டத்தில் கண்டேன். ஓர் இளம் பெண் ஆய்வாளர், மூடிய உறைகளில் விலை எழுதித் தரும் ஏலம் ஒன்றைச் சோதிக்க வந்திருந்தார். 'ஏலத் தொகையை எழுதுங்கள்' என்று தாளில் இருந்தது. எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் விசித்திரமான எண்களை எழுதிக்கொண்டே இருந்தார். பொருளின் மதிப்பு உயர உயர அவர் எழுதும் தொகை இறங்கிற்று. விசாரித்ததில், அவருடைய தாயார் பல வருஷங்களாக வீட்டில் ஏலச் சீட்டு நடத்தி வந்தவர் என்று தெரிந்தது. ஏலச் சீட்டில் கேட்கும் தொகை என்பது தள்ளு. அதாவது சீட்டை எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகை. அந்தப் பழக்கத்தில், வாங்கும் பொருளில் தாம் எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்று கணக்கிட்டு எழுதிவந்திருக்கிறார். தமிழ்நாட்டில் ஏலம் என்ற சொல்லைச் சந்தையில் கேட்டவர்களைவிடச் சீட்டில் கேட்டவர்கள் குறைவு என்று எப்படிச் சொல்வது? அன்றிரவே அந்த வாக்கியம், 'இப்பொருளுக்காக நீங்கள் செலுத்தத் தயாராக இருக்கும் தொகை' என்று மாறியது. அந்த ஒரு மாலையில் செலவு முப்பத்திரண்டு ரூபாயும் தேநீரும். அதே பிழை கல்லூரியில் நிகழ்ந்திருந்தால் ஒரு வருஷத்து நிதி போயிருக்கும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது: ஆங்கில மூலத்தைக் காணாத ஒரு சபை உறுப்பினர் தமிழ்த் தாளை மறுபடியும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது. செய்யுங்கள், ஆனால் மேலே சொன்ன சீட்டுக்காரரை அந்த உபாயம் பிடித்துக் கொடுத்திராது. நிகழ்தகவைச் சொல்லும்போது 'முப்பது சதவிகிதம்' என்று எழுதுவதைவிட, பத்துத் துண்டுச் சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கிக் காட்டிவிடுவது மேல். 2002-இல் ஹோல்ட், லாரி இருவரும் ஆபத்தை ஏற்கும் மனப்பாங்கை அளக்கப் பத்து வரி அட்டவணையோடு பத்து முகப் பகடையை உருட்டினார்கள். நமக்கு டப்பாவே போதும்.

'என் எண்ணத்தை வேறொருவர் திருடிக்கொண்டால்?' என்ற அச்சம் இளம் ஆய்வாளர்களுக்கு இயல்பு. தேதியிட்டு, சபைக் குறிப்பேட்டில் தாளின் ஒரு பிரதியை ஒட்டி, எல்லோரும் கையொப்பமிட்டால் பாதி அச்சம் போய்விடும்; சோதனையைத் தொடங்குமுன் பதிவேட்டில் திட்டத்தை முன்பதிவு செய்துவிட்டால் மீதியும் போய்விடும். திருட்டைவிட நான் அஞ்சுவது சிநேகிதர்களின் தாட்சண்யத்தை. எட்டுப் பேரும் 'பிரமாதம்' என்று சொல்லிக் கலைந்த கூட்டம் வீண். இரண்டு மாதத்துக்கு ஒரு மாலையை, தோல்வியடைந்த தத்தம் சோதனைகளை மட்டும் சொல்லிக்கொள்வதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். பொருளாதாரத்தின் இரண்டு முதன்மையான பத்திரிகைகளில் வெளிவந்த 18 சோதனைகளைக் காலின் கேமரரும் அவருடைய சகாக்களும் மீண்டும் நடத்தி 2016-இல் அறிவித்தபோது, மூல முடிவு மறுபடியும் கிடைத்தது 11-இல்தான். பெரியவர்களுக்கே அப்படியென்றால், தம் சோதனை பொய்த்துவிட்டது என்று எழுந்து சொல்ல எவரும் நாண வேண்டியதில்லை. பங்கேற்பாளர்களிடம் பொய் சொல்லலாகாது என்ற நெறியையும் சபையில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'மற்றொருவர்' என்று தாளில் எழுதிவிட்டு எதிரில் யாரையும் உட்காரவைக்காமலிருப்பது, சிநேகிதர்களிடம் ஒத்திகைக்காகச் செய்தாலும், பழகிவிடும்.

கலைவதற்கு முன்னால், அடுத்த முறை யாருடைய தாளை ஆடுவது என்று தீர்மானித்து, அவர் கையில் காசு உண்டியலைக் கொடுத்தனுப்புங்கள். அன்று சோதனைக்கு ஆளானவரைத் தேநீருக்குப் பணம் தரவிடாதீர்கள். மற்ற ஏழு பேரும் பகிர்ந்துகொள்ளலாம்.